காரியாலயத்துக்கு வரும் வழி

1979-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், காவிரியின் கிளை ஆறு ஒன்று ஊருக்கு நடுவே ஓடும் ஒரு டெல்டா நகராட்சியில் இளநிலை உதவியாளனாக நான் உத்தியோகம் ஏற்றபோது, அந்தக் காரியாலயத்தின் பின்புறத்தில் கீற்று வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. ஆணையரின் ஜீப்பைத் தவிர வேறு மோட்டார் வண்டி எதுவும் அந்த வளாகத்துக்குள் வருவது அபூர்வம் என்பதால், பில் கலெக்டர்கள், சுகாதார ஆய்வாளர்கள், துப்புரவு மேஸ்திரிகள், குடிநீர்க் குழாய்ப் பிட்டர்கள், தெருவிளக்கு வயர்மேன்கள், எங்களைப் போன்ற எழுத்தர்கள் ஆகிய அனைவருடைய சைக்கிள்களும் அந்தக் கொட்டகைக்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சைக்கிளுக்கு ஸ்தல ஸ்தாபனங்கள் வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்த காலத்தின் அடையாளமாக, பழைய வண்டிகள் சிலவற்றில் அந்த வில்லை அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

சேர்ந்த இரண்டாவது வாரம், சொத்துவரிக் கேட்புப் பதிவேட்டை ஸ்தலத்திலே ஒப்பிட்டுப் பார்த்து வரவேண்டும் என்று சொல்லி, ஐம்பது வயதைக் கடந்த பில் கலெக்டர் ஒருவருடன் என்னை அனுப்பினார்கள். அவருடைய ஹெர்குலிஸ் வண்டியை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் வர்ணிக்க முடியும். ஹேண்டில்பாரின் இடப்புறத்தில் ரசீதுப் புத்தகங்களும் கார்பன் தாளும் வைத்த காக்கித் துணிப்பை. வலப்புறத்தில், மழை வந்தால் அந்தப் பையைப் போர்த்துவதற்கென்று நாலாக மடித்த பிளாஸ்டிக் தாள். கேரியரில் பழைய டியூபைக் கீறிச் செய்த ரப்பர்க் கயிற்றால் கட்டிய கேட்புப் பதிவேடு. சீட்டுக்கு அடியில், எண்ணெய் படிந்த மஞ்சள் துணி ஒன்று. காலையில் கிளம்புமுன் அந்த மஞ்சள் துணியால் ரிம்மையும் செயினுறையையும் அவர் துடைக்கிற சிரத்தையைப் பார்த்தால், கோயில் அர்ச்சகர் விளக்கைத் துலக்குகிற நினைவு வரும்.

அன்றைக்கு ஒரு பகற்பொழுதில் அவரோடு பதினோரு தெருக்களைச் சுற்றினேன். அந்தப் பகலில் நான் கற்றுக்கொண்டதை, பின்னால் முப்பத்தைந்து ஆண்டு கோப்புகளில் கற்றவற்றோடு நிறுத்துப் பார்த்தால், இதுவே கனம் என்று சொல்லுவேன். ஒரு வீட்டு வாசலில் சிந்திக் கிடந்த ஆற்றுமணலைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, மாடியை அண்ணாந்து பார்த்து, புதிதாக எழுந்த அறையைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம், வண்டியை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "அரையாண்டுக்கு மகன் பணம் அனுப்பிட்டானா ஆத்தா?" என்று கேட்டார். அந்த அம்மாள் வரிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எதிர்வீட்டுக்காரர் சாக்கடையில் தடுப்புக் கட்டியிருப்பதைச் சொன்னாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார். அது சுகாதாரப் பிரிவின் வேலை. ஆனாலும் மாலையில் கொட்டகையில் வண்டியை நிறுத்தும்போது பக்கத்தில் நின்ற சுகாதார ஆய்வாளரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எந்தக் கோப்பிலும் ஏறாமல், எந்த முத்திரையும் வாங்காமல், அந்தக் கீற்றுக் கொட்டகைக்குள்ளேயே பிரிவுக்குப் பிரிவு சங்கதிகள் கைமாறிக்கொண்டிருந்தன.

குழாய்ப் பிட்டர் ஒருவர் இருந்தார். அவருடைய சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு சேர்த்து, ஓர் ஆள் இடுப்பளவு நீளமுள்ள இரும்புக் கம்பி ஒன்று எப்போதும் கட்டப்பட்டிருக்கும். பகல் சந்தடி அடங்கிய பிறகு, குழாய் போகிற வழியே மெதுவாக மிதித்துப்போய், சந்தேகமான இடத்தில் இறங்கி, கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பார். மண்ணுக்கடியில் குழாய் ஒழுகினால் சன்னமான சீறல் ஒன்று கம்பிவழியே ஏறிவரும் என்று சொல்லி ஒருநாள் எனக்கும் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சை அடக்குங்க தம்பி" என்றார். அடக்கினேன், கேட்டது. எங்கோ தொலைவில் நெல் தூற்றுவதுபோன்ற ஒலி.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வந்தது. இருவர் உட்கார்ந்து போகக்கூடியதாகவும், நடுத்தரச் சம்பளக்காரன் கடன் வாங்கி அடைக்கக்கூடிய விலையிலும் அது இருந்தது. அதன் வரவைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. வெயிலில் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பத்தாண்டுகளுக்குள் கொட்டகையில் சைக்கிள்கள் பாதியாகக் குறைந்தன. கள ஊழியர்கள் ஒரு வார்டைச் சுற்றிவரும் நேரம் அரைப்பகலிலிருந்து அரைமணியாகக் குறைந்தது. அவர்களுடைய குறிப்பேடுகளில் எழுதப்பட்ட வரிகளும் அதே கணக்கில் குறைந்தன. வேகமாகப் போகிறவன் காதில் அவனுடைய இயந்திரத்தின் ஒலி ஒன்றுதான் விழும். நகராட்சி ஊழியனுக்குத் தெருவில் போவதும் உத்தியோகத்தின் ஓர் அங்கமே என்பதை நான் உணரத் தொடங்கியது, அந்தக் குறிப்பேடுகள் மெலிந்துபோனதைப் பார்த்த பிறகுதான்.

என் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் புதுக்கோட்டைச் சீமையில் இருந்தது. 1992-ஆம் ஆண்டில் ஒரு விசேஷத்துக்காக அங்கே போயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மும்முரத்தை நேரில் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அப்போது அந்த மாவட்டத்தின் ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அந்த இயக்கத்தார் தீர்மானித்து, சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சேவிகைகள், சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள், கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள் என்று யார் யாரோ சாயங்கால வேளைகளில் பொட்டலில் விழுந்தெழுந்து பழகிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காததால் ஆண்களுக்கான வண்டியிலேயே ஏறினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதை ஓர் அனுகூலமாகவே கண்டுகொண்டார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு மண்பாதையில் எனக்கு எதிரே வந்த பெண் ஒருத்தி, வழிவிடும்படி மணியை அடித்துவிட்டு என்னைக் கடந்துபோன மிடுக்கிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. எங்கள் நகராட்சித் தாய்சேய் நல விடுதியின் பேறுகால உதவியாளர்கள் தினந்தோறும் வேகாத வெயிலில் நடந்தே வீடு வீடாகப் போவது அப்போது என் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த நினைவைக் காரியமாக்கும் அதிகாரம் என் கைக்கு வர மேலும் ஆறாண்டுகள் ஆயின. 1998-இல் நான் அலுவலக மேலாளரானேன். அந்த உற்சாகத்தில், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஊழியர்கள் அனைவரும் சைக்கிளிலோ, பஸ்ஸிலோ, நடந்தோ காரியாலயத்துக்கு வரவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தயாரித்து, ஆணையரின் கையொப்பம் வாங்கி, எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பினேன். பெட்ரோல் செலவு, உடல்நலம், ஊருக்கு முன்மாதிரி ஆகிய மூன்றையும் அதில் நான் நல்ல நடையில் எழுதியிருந்தேன். முதல் மாதம் அறுபது பேரில் பதினான்கு பேர் சைக்கிளில் வந்தார்கள். இரண்டாம் மாதம் ஒன்பது பேர். மூன்றாம் மாதம் நானும் இன்னும் மூவரும்.

எனக்குப் பெரும் ஏமாற்றம். அலுவலக உதவியாளராக இருந்த ஒருவரை, முதல் மாதம் சைக்கிளில் வந்தவர் பிறகு ஏன் நிறுத்திவிட்டார் என்று தனியே அழைத்துக் கேட்டேன். அவர் வெகு நேரம் தயங்கினார். பிறகு, "ஐயா, நீங்க சைக்கிள்ல வந்தா உடம்புக்கு நல்லதுன்னு ஓட்டறாருன்னு சொல்லுவாங்க. நான் வந்தா கையில காசு இல்ல, வண்டியை வித்துட்டான்னு சொல்லுவாங்க. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் எழுதிய சுற்றறிக்கையில் உடல்நலம் இருந்தது, சிக்கனம் இருந்தது. கௌரவம் என்ற ஒன்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலும், மறுநாள் காலையில் கொட்டகையைப் போய்ப் பார்த்தால், அங்கே சைக்கிளுக்கு இடமே இல்லை. மோட்டார் வண்டிகள் நிழல் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், சைக்கிளில் வந்த பதினாலு பேரும் மதிலோரத்தில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். மாலையில் சீட்டில் உட்கார முடியாதபடி சுட்டிருக்கிறது. காற்றடிக்கப் பம்பு கிடையாது. வியர்த்து வந்தவர் முகம் கழுவ வேண்டுமானால் பொதுமக்கள் நிற்கிற வரிசையைக் கடந்து போய்க் குழாயைத் திருக வேண்டும். பெண்களுக்கு அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கள ஊழியர்களுக்கு மாதந்தோறும் இத்தனை லிட்டர் என்று நகராட்சி நிதியிலிருந்து பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்தோம், சைக்கிளில் போகிறவருக்குப் பஞ்சர் ஒட்டும் செலவைக்கூடக் கொடுத்ததில்லை. எரிபொருள் எரிப்பவனுக்குப் படி, எரிக்காதவனுக்கு உபதேசம் என்பதுதான் எங்கள் ஏற்பாடாக இருந்தது.

ஆகவே சுற்றறிக்கையை மூட்டைகட்டிவிட்டுக் கொட்டகையிலிருந்து தொடங்கினேன். காரியாலயத்தின் முன்வாயிலுக்கு நேராக, அதிகாரிகளின் கார்கள் நிற்கிற புங்கமரத்து நிழலைச் சைக்கிளுக்கு ஒதுக்கவேண்டும் என்று நான் கேட்டபோது, அப்போதிருந்த ஆணையர் சற்று நேரம் யோசித்துவிட்டு, தம் ஜீப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தும்படி ஓட்டுநரிடம் தாமே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த சக்தி என் சுற்றறிக்கை முழுவதற்கும் இல்லை. மறுவாரமே, மனுக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் காண்பது புங்கமரத்தடியில் வரிசையாக நின்ற சைக்கிள்களை என்று ஆயிற்று. பிறகு அந்த ஆணையர் வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்குச் சுகாதார ஆய்வாளரோடு ஒரு வார்டு முழுவதையும் நடந்தே பார்க்கத் தொடங்கினார். அந்த நாட்களில் துப்புரவுப் பணியாளர்கள் தங்கள் குறைகளை அவரிடம் நேரே சொன்னார்கள்.

சுவரோரத்தில் கால்பம்பு ஒன்றைச் சங்கிலி போட்டு வைத்தோம். பெண் ஊழியர்களுக்கு ஓர் அறையும், அதில் வாளி, குவளை, முகம் பார்க்கும் கண்ணாடியும் ஏற்பாடாயின. பக்கத்துத் தெருச் சைக்கிள் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு, கோட்டமெடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். கருவூலத்துக்கும் தபாலாபீசுக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வர நான்கு சைக்கிள்கள் காரியாலயத்தின் பெயரிலேயே வாங்கி, ஒரு பதிவேடும் வைத்தோம். சாவி என் மேஜை இழுப்பறையில் இருக்கும். இவையெல்லாம் அற்பக் காரியங்கள் என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஊழியன் காலையில் எதில் வருவது என்று தீர்மானிக்கிற அரை நிமிடத்தில், உலக நன்மையைக் காட்டிலும் அந்த வாளியும் நிழலுமே அவன் மனத்தில் நிற்கின்றன.

பெட்ரோல் பங்கீட்டிலேயே ஒரு பகுதியை டயர், டியூப், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காகச் சைக்கிளில் போகும் கள ஊழியர்களுக்கு ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினோம். தணிக்கையில் ஆட்சேபணை வந்தது. எந்த விதியின் கீழ் இந்தச் செலவு என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் கடமை அது, நானும் மறுக்கவில்லை. முந்தைய ஆண்டின் பெட்ரோல் ரசீதுகளையும் அந்த ஆண்டின் ரசீதுகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, மொத்தச் செலவு குறைந்திருப்பதைக் காட்டி, தீர்மான நகலும் இணைத்து பதில் எழுதினேன். ஒன்றுக்கு நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. ஓராண்டு கழித்து ஆட்சேபணை கைவிடப்பட்டது.

இதற்கிடையே விஞ்ஞானப் பட்டதாரியான ஓர் இளம்பெண் எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது என்று நான் எங்கேயோ படித்ததை ஒரு மதிய உணவு வேளையில் சொன்னபோது, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, மீதி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் என்னை மடக்கிவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பெண்தான் சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைத் தொட்டுப் படம் வரைந்து, பெட்ரோலில் உள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால்தான் அந்த எடை என்று விளக்கினாள். அன்றையிலிருந்து சேமித்த ஒவ்வொரு லிட்டருக்கும் அவளே ஒரு கணக்கு எழுதி, பம்புக்கு மேலே கரும்பலகையில் மாதாமாதம் போட்டுவந்தாள். உடம்பைப் பற்றிய கணக்கு இன்னும் எளிது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று கிலோமீட்டர் தூரத்திலிருந்து கால்மணி நேரத்தில் மிதித்து வந்து, அதே கால்மணியில் திரும்பிப் போகிறவருக்கு ஐந்து வேலைநாட்களில் அது தானாகவே நிறைவேறிவிடுகிறது.

புதுக்கோட்டையில் கண்டதை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகராட்சிப் பள்ளி மைதானத்தில், பெண் ஊழியர்களுக்குச் சைக்கிள் பழக்க ஏற்பாடு செய்தோம். வாடகைக் கடையிலிருந்து அரைவண்டிகள் ஐந்தும் பெண்களுக்கான முழுவண்டிகள் இரண்டும் வந்தன. முதல் வாரம் மூன்று பேர்தான். அவர்களில் ஒருவர், நாற்பத்திரண்டு வயதான பேறுகால உதவியாளர். பதினெட்டு ஆண்டுகளாக நடந்தே தம் பகுதியைச் சுற்றிவந்தவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, கண்ணை முன்சக்கரத்தின் மேலேயே வைத்திருந்ததால் அவர் திரும்பத் திரும்ப இடப்பக்கமாகவே சாய்ந்தார். "சக்கரத்தைப் பாக்காதம்மா, அந்த வேப்பமரத்தைப் பாரு" என்று பையன் கத்திக்கொண்டே ஓடினான். நான்காம் வாரம், அந்தப் பையன் கையை விட்டதை அவர் அறியவில்லை. மைதானத்தின் மறுகோடிவரை போனபிறகுதான், பின்னால் காலடிச் சத்தம் கேட்காததை உணர்ந்து பிரேக்கைப் பிடித்தார், விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கியபோது முழங்கையில் ரத்தம். "வேப்பமரம் வரைக்கும் நானேதான் வந்தேனா சார்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். மறுமாதம் முதல், ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்த்தவர் ஒன்பது வீடு பார்க்கத் தொடங்கினார்.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. என் சொல்லைக் கேட்டு மொபெட்டை விட்டுச் சைக்கிளுக்குத் திரும்பிய தெருவிளக்கு வயர்மேன் ஒருவர், ஒரு கார்த்திகை மாத மாலையில் புறவழிச்சாலையில் வரும்போது, பின்னால் வந்த சிறு லாரி ஒன்று உரசியதால் தூக்கியெறியப்பட்டு, தொடையெலும்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் பதினொரு வாரம் கிடந்தார். வண்டியில் விளக்கு இல்லை. சாலையின் ஓரத்தில் அரையடி உயரத்துக்கு மண் சேர்ந்திருந்ததால் அவர் தார்ப்பரப்பின் விளிம்பிலேயே வரவேண்டியிருந்தது. நான் மருத்துவமனைக்குப் போனபோது அவர் என்னைக் கோபிக்கவில்லை. அவருடைய மனைவி மட்டும், தலை குனிந்தபடியே, "சைக்கிள்ல போகச் சொன்னீங்களே சார், போற வழியைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வழி பார்ப்பதே உத்தியோகமாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன், மற்றவரை அனுப்புவதற்குமுன் அந்த வழியைப் பார்க்கவில்லை என்பது எவ்வளவு பெரிய பிழை! உடனே செய்யக்கூடியவற்றைச் செய்தோம். காரியாலயத்துக்கு வந்துபோகிற எல்லாச் சைக்கிள்களுக்கும் டைனமோ விளக்கும், பின்மட்கார்டில் ஒளிரும் சிவப்புத் துண்டும் பொருத்தினோம். புறவழிச்சாலைக்கு அப்பாலுள்ள விஸ்தரிப்புப் பகுதிகளுக்குப் போகிறவர்களிடம் சைக்கிளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். முழங்கால் வலியுள்ளவர்களையும் மூத்தவர்களையும் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு, சைக்கிளில் வருகிறவர்கள் ஆளுக்கொரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, வழியில் கண்ட குழி, மூடியில்லாத சாக்கடை, உடைந்த சிறுபாலப் பலகை, எரியாத விளக்கு, ஓரத்தில் குவிந்த மண் எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதும் வழக்கத்தை உண்டாக்கினோம். வெள்ளிக்கிழமை மாலை அவற்றைப் பொறியியல் பிரிவில் ஒன்றுகூட்டி, ஊர்ப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தோம். ஓராண்டு முடிவில், காரியாலயத்துக்கு வரும் முக்கியமான ஏழு தெருக்களில் சாக்கடை மூடிகள் முழுமையாயின. புறவழிச்சாலை எங்கள் பொறுப்பில் இல்லை; அதன் பொறுப்பாளர்களுக்கு நாங்கள் எழுதிய கடிதங்களின் நகல்கள் ஒரு தனிக்கோப்பாகத் தடித்துப்போயின. அந்த மண்மேடு அகற்றப்பட மூன்று மழைக்காலம் ஆயிற்று.

2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதமாவது அவர்களுடைய பாதைகளுக்குச் செலவாக வேண்டும் என்று வகுத்தபோது, ஓய்வுபெற ஓராண்டே இருந்த நான் அந்தச் செய்தியைக் கத்தரித்து எங்கள் கோப்பில் ஒட்டிவைத்தேன். 2019-இல் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையைப் போய்ப் பார்த்தேன். அது அழகாகத்தான் இருந்தது. எனினும், பெருநகரத்தின் ஒரு கடைவீதியைக் காட்டிலும், ஒரு சிறு நகராட்சியின் பில் கலெக்டர் தம் வார்டுக்குப் போகிற ஏழடித் தெருவே என் மனத்தில் முன்னே நிற்கிறது. கொள்கைகள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு நிறைவு.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பெண் சகாக்கள் வருத்தப்படுவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரிலிருந்து வருகிறவர்களுக்குச் சைக்கிள் உதவாது. காரியாலயம் காலை பத்து மணிக்கு. கிழக்கே இருந்து வரும் டவுன் பஸ்ஸோ பத்தேகால் மணிக்கு. அதற்கு முந்தையது எட்டரை மணிக்கே வந்துவிடும். ஆகவே நால்வர் தினமும் தாமதக் குறி வாங்கினார்கள். அதில் இருவர் கடன்பட்டு ஸ்கூட்டர் வாங்கினார்கள். நான் டிப்போவின் கிளை மேலாளரை நேரில் மூன்று முறை பார்த்து, அந்த வழித்தடத்தில் ஏறுகிற ஊழியர், மாணவர், வங்கிக்காரர் ஆகியோரின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து பஸ் இருபத்தைந்து நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டது. மூன்றாமவரும் நான்காமவரும் ஸ்கூட்டர் வாங்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, முன்பு ஸ்கூட்டர் வாங்கிய இருவரில் ஒருவர் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார். நடுவே இன்னொரு மாற்றத்தையும் கண்டேன். 2005-06 முதல் அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் இலவசச் சைக்கிள் கிடைத்ததால், பிற்காலத்தில் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்களில் யாருக்கும் மைதானத்தில் பழக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் ஸ்கூட்டரில்தான் வந்தார்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டு, மாமியாருக்கு மருந்து வாங்கி, பத்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டிய பெண்ணிடம் சைக்கிளின் மகிமையைப் பேச எனக்கு நா எழவில்லை. காரியாலயத்துக்கு வந்தபின் ஊருக்குள் போகவேண்டிய வேலைகளுக்கு மட்டும், இழுப்பறைச் சாவியை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

சென்ற ஐப்பசியில் வீட்டுவரி கட்ட அங்கே போயிருந்தேன். புங்கமரம் இருந்தது, அடியில் ஏழெட்டுச் சைக்கிள்கள். கரும்பலகையில் இப்போது வேறு அறிவிப்பு. கால்பம்பின் கைப்பிடி மரம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. புதிதாக வந்திருந்த இளம் பொறியாளர் என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, எழுந்து வந்து, மேலவீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு மாதமாகத் தண்ணீர் அழுத்தம் குறைகிறது, ஒழுகும் இடம் அகப்படவில்லை என்றார். அந்தச் சந்துக்கடியில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் வளைந்து போகிற இடம் எனக்குத் தெரியும். அந்தப் பிட்டர் எனக்குக் காட்டிய இடம் அது. பிட்டர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய கம்பி இன்னும் பண்டகசாலையில் இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்து வந்தார்கள்.

ஜீப் சந்துக்குள் நுழையாது என்பதால் பொறியாளர் அதைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார். இருவரும் நடந்தோம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மழை விட்டு வீட்டு வாசல்களெல்லாம் அடங்கியிருந்தன. வளைவில் நின்று, கம்பியை ஊன்றி, மறுமுனையை அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே ஐயா என்றார்.

"மூச்சை அடக்குங்க தம்பி" என்றேன்.